கொடுத்த பணம் எங்கே போகிறது? நிவாரண நிதி பற்றித் தில்லித் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

புயல், வெள்ளம், நிலச்சரிவு என்று செய்தி வந்த மறுநாளே ஆர்.கே.புரம், கரோல் பாக், மயூர் விஹார், ஜனக்புரி என்று நம்மவர்கள் இருக்கும் பக்கமெல்லாம் உண்டியலும் கியூஆர் கோடும் வந்துவிடும். நான் தில்லியில், நாடு முழுவதும் வேலை செய்யும் ஒரு நிவாரண அமைப்பின் நிதிப் பிரிவில் இருக்கிறேன். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. எங்கள் அமைப்புக்கு நன்கொடை சேர்ப்பதற்காக இதை எழுதவில்லை, அதனால் பெயரும் சொல்லவில்லை. நீங்கள் எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் இந்த விஷயங்கள் பொருந்தும்.

பணமாகக் கொடுப்பது நல்லதா, பொருளாகவா?

பணம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த பழைய துணி சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தது. வீடு வாசலை இழந்து நிற்கிற மீனவக் குடும்பத்துக்குச் சாயம் போன பேன்ட் எதற்கு? கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அந்தத் துணியை ஏற்றி வந்த லாரிக்கு வாடகை, இறக்கக் கூலி, வைக்க இடம், கடைசியில் அப்புறப்படுத்த ஆள் என்று எல்லாமே நிவாரண வேலையிலிருந்து பிடுங்கிய நேரமும் பணமும்தான். தில்லியில் 1999இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அப்படிக் கிடந்த துணிகளை அள்ளி, பிரித்து, பயன்படும்படி மாற்றும் வேலையில் இறங்கியது. பழைய துணியைச் சரியாகக் கையாள்வது அப்படித் தனியாக ஓர் அமைப்பே நடத்த வேண்டிய அளவுக்குப் பெரிய வேலை. உங்களிடம் நல்ல துணி இருந்தால் அந்த மாதிரி இடத்தில், துவைத்து மடித்து, பேரிடர் இல்லாத காலத்தில் கொடுங்கள்.

சாப்பாட்டுப் பையும் அப்படித்தான். தில்லி குடோனில் ஒரு குடும்பத்துக்கான பை கட்டச் சொன்னால் இங்கே இருப்பவர்கள் பழக்கத்தில் ஆட்டா, கடுகு எண்ணெய், ராஜ்மா என்றுதான் எடுத்து வைப்பார்கள். அதைத் திருவாரூருக்கு அனுப்பி என்ன செய்வது? பள்ளிக்கூட முகாமில் இருக்கிற ஒற்றை அடுப்பில் யார் மாவு பிசைந்து ரொட்டி சுடுவார்கள்? பணமாக வந்தால் திருச்சியிலோ கும்பகோணத்திலோ மொத்தக் கடையில் புழுங்கல் அரிசி, துவரம் பருப்பு, கடலை எண்ணெய், புளி, உப்பு, மிளகாய்த்தூள் வாங்கி அன்றைக்கே பை கட்டிவிடலாம். லாரி வாடகை மிச்சம். உள்ளூர் வியாபாரிக்கும் நாலு காசு கிடைக்கும். அவரும் அதே வெள்ளத்தில் நனைந்தவர்தானே.

தயவுசெய்து கைக்குழந்தைக்கான டப்பாப் பால் அனுப்பாதீர்கள். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அது பிள்ளைக்கு வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும்.

நிதி எங்கிருந்தெல்லாம் வருகிறது?

நான்கு வழிகள். தனி ஆட்கள் அவ்வப்போது கொடுப்பது, தனி ஆட்கள் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பது, கம்பெனிகள், வெளிநாட்டுப் பணம்.

கம்பெனிப் பணம் தொகையில் பெரியது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ லாபமோ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பேரிடர் நிவாரணமும் மறுவாழ்வும் அந்தப் பணிகளின் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்ந்தது 2019இல். ஆனால் அந்தப் பணம் மெதுவாகத்தான் வரும். திட்ட அறிக்கை கேட்பார்கள், போர்டு ஒப்புதல் வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும். பெயர்ப்பலகை வைக்கக்கூடிய பள்ளிக் கட்டடத்துக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் எளிதாகக் கிடைக்கும். சேறு அள்ளுகிற ஆளுக்குக் கூலி கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

ஓர் அமைப்பை நிற்க வைப்பது மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுக்கிறவர்தான். அந்தப் பணம் அடுத்த மாதமும் வரும் என்று நம்பி ஆள் எடுக்கலாம், குடோன் வாடகைக்குப் பிடிக்கலாம்.

ராஜீவ் சௌக் மெட்ரோ வாசலில் டேப்லெட்டோடு நின்று மாதச் சந்தா கேட்கும் பிள்ளைகளை நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். பல அமைப்புகள் இந்த வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைக்கும் ஏஜென்சிகளிடம் கொடுக்கின்றன. அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. பெயரைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்த அமைப்பின் சொந்த இணையதளத்தில் போய்ப் பதிவு செய்யுங்கள். ரொக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

"வயநாட்டுக்கு மட்டும்" என்று சொல்லிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அப்படிச் சொன்னால் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து அதற்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும். நல்ல அமைப்பு அதை மீறாது.

ஆனாலும் பொது நிதிக்குக் கொடுங்கள் என்றுதான் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். காரணம் சொல்கிறேன். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மண் சரிந்தது. நிதி கேட்டு அறிவிப்பு எழுதி, வெளியிட்டு, பணம் கணக்கில் ஏறுவதற்குள் சில நாள் ஆகிவிடும். முதல் நாள் கிளம்புகிற வண்டியும் ஜெனரேட்டரும் தார்ப்பாயும் ஏற்கெனவே கையில் இருந்த பணத்தில்தான் போக முடியும். அந்தப் பணம் யாரோ ஒருவர் எந்தச் செய்தியும் பார்க்காமல், எந்த ஊர்ப் பெயரும் எழுதாமல் கொடுத்தது.

இன்னொன்று, எல்லாப் பேரிடருக்கும் கேமரா வருவதில்லை. அசாமில் பிரம்மபுத்திரா வருடா வருடம் கரையை அரித்துக்கொண்டு போகிறது. குடிசைப் பகுதியில் தீப்பிடித்தால் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி. அவர்களுக்கென்று யாரும் பெயர் எழுதிக் கொடுப்பதில்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. சுனாமிக்கு உலகமே அள்ளிக் கொடுத்தபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரி தொடக்கத்திலேயே தங்கள் சுனாமி வேலைக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது என்று அறிவித்தது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடம், இதை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று அனுமதியும் கேட்டது. அப்படிச் சொல்ல ஓர் அமைப்புக்குத் துணிச்சல் வேண்டும். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

யாருக்கு முதலில் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு அளவுகோல் இருக்கிறது. ஸ்ஃபியர் தரநிலைகள் என்று உலக அளவில் நிவாரண அமைப்புகள் ஒத்துக்கொண்ட குறைந்தபட்சக் கணக்கு அது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து 15 லிட்டர் தண்ணீர். தங்குமிடத்தில் ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேரைத் தங்க வைத்துவிட்டு அங்கே ஆறு கழிப்பறைதான் இருக்கிறதென்றால், அரிசியைவிட அவசரம் கழிப்பறை என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

யாருக்கு என்பதுதான் கஷ்டம். முதலில் வி.ஏ.ஓ. அலுவலகத்துப் பட்டியலை வாங்குவோம், ஊராட்சித் தலைவரிடம் பேசுவோம். அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும், விடுபட்டவர்கள் விடுபட்டவர்களாகவே இருப்பார்கள். சுனாமியின்போது கடற்கரை மீனவக் கிராமங்களுக்கு உதவி குவிந்தது. அவர்களை நம்பிப் பிழைத்த தலித் கூலித் தொழிலாளர்களும், முகத்துவாரத்தில் கையால் மீனும் இறாலும் பிடித்து வாழ்ந்த இருளர் குடும்பங்களும் பல இடங்களில் விடுபட்டார்கள். அவர்கள் பெயரில் படகு இல்லை, வலை இல்லை, பட்டா இல்லை. இழந்ததற்குச் சான்று காட்ட முடியாதவருக்கு இழப்பீடும் இல்லை என்று ஆகிவிட்டது.

அதனால் பட்டியலை ஊரில் எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வாசிக்கிறோம். கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ வைத்து ஒவ்வொரு பெயராக வாசிப்போம். அப்போதுதான் கூட்டத்திலிருந்து குரல் வரும். "அவங்க சென்னையில இருக்காங்க, வீடு பூட்டிக் கிடக்கு." "இந்த அம்மா பேரு ஏன் வரல?" என்று கேட்டுப் பார்த்தால், அந்த அம்மாவின் பெயர் மகனுடைய ரேஷன் கார்டில் இருக்கும். மகனுக்கு ஒரு பை போய்விட்டது, அம்மா தனி அடுப்பு. இப்படிப் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் அரை நாள் பிடிக்கும். சண்டையும் வரும். வாடகைக்கு இருந்தவர், கணவரைப் பிரிந்து தனியாக இருக்கும் பெண், சக்கர நாற்காலியை விட்டு இறங்க முடியாதவர், ஊருக்கு வெளியே இருக்கும் காலனி என்று யாரெல்லாம் கூட்டத்துக்கே வரவில்லை என்று பார்த்து அவர்கள் வீட்டுக்கும் ஒருவர் போக வேண்டும்.

பொருள் கொடுக்கும் அன்று டோக்கன், வரிசை, கையெழுத்து அல்லது கைநாட்டு. பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதிய தாளைப் பொது இடத்தில் ஒட்டுவோம். குறைந்தால் கேட்கட்டும். வாங்குகிறவர் முகத்தைக் கேமராவுக்குக் காட்டச் சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. எங்கள் ஆட்கள் அப்படிக் கேட்டால் நீங்கள் புகார் செய்யலாம்.

அரசாங்கமே கொடுக்கிறதே, பிரதமர் நிதிக்கோ முதல்வர் நிதிக்கோ கொடுத்தால் போதாதா?

தாராளமாகக் கொடுங்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதி 1948 ஜனவரியில், பிரிவினையில் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காக நேரு விடுத்த வேண்டுகோளில் பிறந்தது. இன்றைக்கும் அது முழுக்கப் பொதுமக்கள் கொடுக்கும் பணத்தில்தான் நடக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்பது வேறு, அது வரிப்பணம். பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 75, மாநில அரசு 25 என்ற பங்கு. உயிரிழப்புக்கு இவ்வளவு, இடிந்த வீட்டுக்கு இவ்வளவு என்று அதில் விதிப்படி தொகை நிர்ணயம் உண்டு. அந்த அளவுக்குப் பணம் எந்தத் தொண்டு நிறுவனத்திடமும் இல்லை.

ஆனால் விதி காகிதம் கேட்கும். 2023 ஜூலை 13 அன்று இங்கே யமுனை 208.66 மீட்டர் ஏறியதே, 1978இல் வந்த 207.49 மீட்டரையும் தாண்டியது. மயூர் விஹார் சாலையோரம் கூடாரம் கூடாரமாக மக்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றங்கரை நிலத்தை வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் முள்ளங்கியும் போட்டவர்கள் அவர்களில் நிறையப் பேர். பயிர் அவர்களுடையது, நிலத்துக் காகிதம் அவர்களிடம் இல்லை. இந்த மாதிரி இடத்தில்தான் நாங்கள் வேண்டும்.

முதல் வாரம் முடிந்த பிறகும் ஏன் பணம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்?

ஏனென்றால் முதல் வாரத்தில் சோற்றுப் பொட்டலம் மிஞ்சிப்போகும், ஆறாம் மாதத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

2018 நவம்பர் 16 கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. நெட்டை ரகக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதில் சாப்பிடும்? விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவே காசில்லாத சிறு விவசாயிக்கு ஊடுபயிர் விதை, ஆடு, வட்டியில்லாக் கடன் என்று ஏதாவது தொடர்ந்து வேண்டும். அப்போது செய்தி வேறெங்கோ போயிருக்கும், நன்கொடையும் அதன் பின்னால் போயிருக்கும்.

நீண்ட கால வேலையிலும் தவறு நடக்கும். சுனாமிக்குப் பிறகு எல்லா அமைப்புகளுக்கும் படகு கொடுக்கவே ஆசை. பெயர் எழுதலாம், படம் எடுக்கலாம். அலை வருவதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் நம் கடற்கரையில் சேர்ந்துவிட்டன. மீன் எடுத்துக்கொண்டுபோய் விற்கும் பெண்களையும் உப்பளத் தொழிலாளிகளையும் பல பேர் மிகத் தாமதமாகத்தான் நினைத்துப் பார்த்தார்கள். தற்காலிகக் குடியிருப்புகளைத் தார் ஷீட்டில் போட்டார்கள், வெயில் ஏறியதும் உள்ளே இருக்க முடியவில்லை. அதே நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒருங்கிணைப்பு மையம் ஒன்று அமைந்து, எந்தக் கிராமத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது. பின்னால் வந்த பேரிடர்களுக்கு அது நல்ல பாடமாக இருந்தது.

நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு போகிறது?

"நூறு ரூபாய் கொடுத்தால் நூறும் மக்களுக்கே" என்று ஓர் அமைப்பு சொன்னால், அந்தச் செலவை வேறு யார் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். டிரைவர், கணக்கர், ஆடிட்டர், குடோன் வாடகை, சுங்கச்சாவடி எதுவும் இலவசமில்லை. வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம். அதற்கு முன் 50 வரை அனுமதி இருந்தது. கம்பெனிகள் தங்கள் சமூகப் பணிச் செலவில் நிர்வாகத்துக்கு 5 சதவீதத்துக்குமேல் கணக்கு எழுத முடியாது. மேலே சொன்ன பட்டியல் வாசிக்கிற அரை நாள், விடுபட்டவர் வீட்டுக்குப் போகிற ஆள், இதெல்லாம் கணக்கில் சம்பளம் என்றுதான் வரும். சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

80ஜி வரிச்சலுகை கிடைக்குமா?

பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடைக்கும், புதிய முறையில் கிடையாது. சாதாரணத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தால் தொகையில் பாதி கழிக்கலாம், அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. பிரதமர் நிதி, முதல்வர் நிதிகளுக்கு முழுத் தொகையும் கழியும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும், பொருளாகக் கொடுத்தாலும் சலுகை இல்லை. பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். வெறும் ரசீது போதாது, 10பிஇ என்ற சான்றிதழ் வர வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31க்குள் வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான், அவன் அனுப்பலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் தில்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக்குத்தான் வர வேண்டும். அங்கிருந்து இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. கடலூரில் ஊரை அறிந்து வேலை செய்கிற சின்ன அமைப்பு ஒன்று இருந்தாலும், தில்லியில் இருக்கும் பெரிய அமைப்பு அந்தப் பணத்தை அவர்களிடம் கொடுக்க முடியாது. இந்த விதி களத்தில் எங்கள் கையைக் கட்டுகிறது என்பது என் கருத்து. உள்நாட்டுப் பணத்துக்கு அந்தத் தடை இல்லை என்பதால்தான் உங்கள் ஆயிரம் ரூபாய் எனக்கு அவ்வளவு முக்கியம்.

இலங்கைக்கு உதவ நினைத்தால்?

இந்திய அறக்கட்டளை நாட்டுக்கு வெளியே செலவழிக்கும் பணத்துக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி தேவை. அதனால் பல அமைப்புகள் எல்லை தாண்டுவதில்லை. 2022 நெருக்கடியில் தமிழ்நாடு அரசு அரிசியும் மருந்தும் அனுப்பியதுகூட மத்திய அரசின் சம்மதத்தோடு, அதன் வழியாகத்தான்.

போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

2020 மார்ச்சில் பிஎம் கேர்ஸ் நிதி அறிவித்த சில நாளிலேயே, அசல் யுபிஐ முகவரியில் ஓர் எழுத்து மட்டும் குறைத்துப் போலி முகவரி ஒன்று சுற்றியது, தில்லி போலீஸ் எச்சரித்தது. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த கியூஆர் கோடுக்கு, யார் அனுப்பியிருந்தாலும், பணம் அனுப்பாதீர்கள். நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் அமைப்பின் பதிவைப் பாருங்கள். போன வருட ஆண்டறிக்கையும் தணிக்கை அறிக்கையும் அவர்கள் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போகும்போது திரையில் தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணம் கொடுக்க வசதியில்லை, நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

தமிழ் தெரிந்த ஆட்கள் தில்லித் தலைமை அலுவலகங்களில் எப்போதும் குறைவு. பொருள் கொடுத்து முடிந்த ஓரிரு வாரத்தில், பட்டியலிலிருந்து சில பெயர்களைக் குலுக்கல் முறையில் எடுத்துப் போன் செய்து விசாரிப்போம். பை வந்ததா, என்ன குறைந்தது, யாராவது காசு கேட்டார்களா, பக்கத்தில் யாருக்காவது விட்டுப்போயிற்றா என்று கேட்க வேண்டும். இந்தியில் பேசினால் அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். "நல்லா இருக்கீங்களாம்மா, தில்லியிலேர்ந்து பேசறேன்" என்று தொடங்கினால் கால் மணி நேரம் பேசுவார்கள். அதில் பாதி அவர்கள் வீட்டுக் கதையாக இருக்கும், அதையும் கேட்க வேண்டும். பட்டியலில் கையால் எழுதிய பெயர்களைப் படித்துக் கணினியில் ஏற்றுவதற்கும் ஆள் வேண்டும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) பள்ளிகளில் படித்த பிள்ளைகள் இதை நன்றாகச் செய்கிறார்கள். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் போன் செய்வோம், அதனால் அலுவலகம் போகிறவர்களும் சேரலாம்.